பின்பக்கம் தொங்கினால் பட்டை ஏற்றாதீர்கள், முதலில் அளந்து பாருங்கள்

அன்புள்ள பழைய மாணவர்களுக்கும் சொந்தபந்தங்களுக்கும்,

நீளமான பதிவு. வாத்தியார் எழுதினால் அப்படித்தான் இருக்கும். அவசரக்காரர்கள் கடைசிப் பத்திக்கு முந்தின பத்தியை மட்டும் படித்துவிட்டுப் போகலாம். லோடு வண்டி வைத்திருப்பவர்கள் தயவுசெய்து முழுதும் படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுப் பழைய வண்டியின் படம் போட்டிருந்தேன். மகிந்திரா எஃப்.சி. பிக்கப். என்ஜினும் டிரைவர் சீட்டும் முன் அச்சுக்கு மேலேயே உட்கார்ந்திருக்கும், மூக்கில்லாத வண்டி. அப்பா வாங்கியது. டவுணில் எங்கள் தெருப் பிள்ளைகள் பாதிப்பேர் அதன் பின்னால் தொங்கிக்கொண்டு பள்ளிக்கூடம் வந்தவர்கள். இப்போது என் தங்கை மகன் தோட்டத்து வாழைத்தாரை ஏற்றிக்கொண்டு நயினார்குளம் மார்க்கெட்டுக்கு அதில்தான் வருகிறான்.

படத்தில் வண்டி வாலைத் தரையில் போட்டுக்கொண்டு நின்றது. உடனே நம் ஆட்கள் ஆளுக்கொரு வைத்தியம் எழுதிவிட்டார்கள். "சார், வண்டி குத்தவச்சு உக்காந்திருக்கே, ரெண்டு பட்டை கூட ஏத்துங்க" என்று பத்துப் பேர். "ஷாக் அப்சார்பர் போயிருக்கும், மாத்துங்க" என்று ஐந்தாறு பேர். மஸ்கட்டில் இருக்கும் என் மருமகன் ஒருவர், "மாமா, இன்னுமா இதை வச்சு அழுதுகிட்டு இருக்கீங்க, பழைய இரும்புக் கடையில போட்டுட்டு ஒரு புது வண்டி எடுங்க" என்றார். ஒருவர்கூட, ஒரே ஒருவர்கூட, "எத்தனை செ.மீ. தொங்குது சார்?" என்று கேட்கவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவனுக்கு இதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். போன வருஷமும் வண்டி இதேபோல் தொங்கியது. ஊருக்கு வெளியே ஒரு பட்டறையில் விட்டோம். "பழசு சார், இரும்பு தளர்ந்துபோச்சு. பக்கத்துக்கு ரெண்டு பட்டை ஏத்திடுவோம்" என்றார்கள். நான் கேட்டது ஒரே கேள்விதான்: "சாயங்காலத்துக்குள்ள முடியுமா?" முடிந்தது. வண்டி நிமிர்ந்து நின்றது. காசைக் கொடுத்துவிட்டு வந்தேன். காலி வண்டியில் சேரன்மகாதேவி ரோட்டில் போனால் பல்லெல்லாம் ஆடியது. ஒரு வருஷத்துக்குள் பழையபடி வாலைப் போட்டுவிட்டது.

'இரும்பு தளர்ந்துபோச்சு' என்ற அந்த வாக்கியத்தில்தான் எல்லாத் தப்பும் இருக்கிறது. ஏல, உங்களில் எத்தனை பேருக்கு ஹூக் விதி ஞாபகம் இருக்கிறது? ராபர்ட் ஹூக் 1678-ல் அச்சில் வெளியிட்டது. சுமை எவ்வளவோ அதற்கேற்ற அளவுதான் வில் அமுங்கும். எவ்வளவு சுமைக்கு எவ்வளவு அமுங்கும் என்பதுதான் அதன் விறைப்பு. அந்த விறைப்பை முடிவு செய்பவை எஃகின் யங் குணகம், பட்டையின் நீளம், அகலம், தடிமன், எண்ணிக்கை. இதில் எங்கேயாவது வயது வருகிறதா? எஃகின் யங் குணகம் ஐம்பது வருஷம் ஆனதால் குறைந்துவிடாது.

அப்படியானால் ஏன் தொங்குகிறது? மீட்சி எல்லையைத் தாண்டிச் சுமை ஏற்றியதால். எல்லையைத் தாண்டி அமுக்கினால் சுமையை எடுத்த பிறகும் பட்டை பழைய இடத்துக்கு வராது. திரும்பத் திரும்ப அமுக்கினால் கொஞ்சம் கொஞ்சமாக வளைவு சாகும். போவது வளைவு, விறைப்பு அல்ல. நம் தாத்தாக்கள் ஏறிப்போன மாட்டு வண்டிக்கு வில் வண்டி என்று பெயர் வைத்தார்களே, சும்மாவா வைத்தார்கள்? வில்லுக்கு வளைவுதான் உயிர்.

கரும்பலகைக் கணக்கு ஒன்று போடுகிறேன். எண்கள் பாடத்துக்காக எடுத்துக்கொண்டவை. ஒரு பக்கத்துக் கட்டில் 7 பட்டை. 1 செ.மீ. அமுங்க 60 கிலோ வேண்டும். காலி வண்டியில் அதன்மேல் 240 கிலோ உட்காருகிறது. 4 செ.மீ. அமுங்கும். இப்போது அந்தக் கட்டின் வளைவு 40 மி.மீ. செத்துவிட்டது. அதே மாதிரி வளைவு செத்த எட்டாவது பட்டை ஒன்றை ஏற்றுகிறீர்கள். விறைப்பு ஏழில் ஒரு பங்கு கூடி 68.6 கிலோ ஆகிறது. 240-ஐ 68.6-ஆல் வகுத்தால் 3.5 செ.மீ. தொலைந்தது 40 மி.மீ., கிடைத்தது 5 மி.மீ.!

"இல்லை சார், பட்டை ஏத்தினா வண்டி நல்லாவே எழும்புதே" என்பீர்கள். எழும்பும். ஏனென்றால் பட்டறையில் புதுப் பட்டைக்கு மற்றவற்றைவிட அதிக வளைவு கொடுத்துப் போடுகிறார்கள். செத்துக் கிடக்கும் ஏழு பட்டையையும் அந்த ஒன்றோ இரண்டோ முதுகு கொடுத்துத் தூக்கி நிற்கின்றன. ஒரு வாழைத்தார் ஏறும் முன்பே அவை தங்கள் பங்குக்கு மேல் சுமக்கத் தொடங்கிவிடுகின்றன. அதனால் அவைதான் முதலில் வளைவை இழக்கும், இல்லையென்றால் முறியும். என் வண்டியில் ஒரே வருஷத்தில் நடந்தது இதுதான். கூடவே விறைப்பும் ஏறிவிட்டதால் ரோட்டுக் குழியின் அடி முழுதும் ஸ்பிரிங்கில் அடங்காமல் சேசிஸுக்குப் போகிறது. வண்டியின் எலும்பை அடித்து முதுகை நிமிர்த்துகிற வைத்தியம் இது.

துரு மட்டும் விதிவிலக்கு. பட்டையின் விறைப்பு தடிமனின் முப்படியைப் பொறுத்தது. 7 மி.மீ. பட்டை துருவில் அரை மி.மீ. தேய்ந்தால் விறைப்பில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணிக் கரையில் எத்தனை வண்டிகள் முங்கின என்று உங்களுக்குத் தெரியும். எங்கள் வண்டியும் தோட்டத்துக் கொட்டகையில் அச்சு முங்க இரண்டு நாள் நின்றது. பட்டைகளுக்கு நடுவே போன சேறு கழுவினால் போகாது, பிரித்தால்தான் போகும். நாங்கள் பிரிக்கவில்லை. அதுவும் என் தப்பில் சேரும்.

ஷாக் அப்சார்பர் கட்சிக்கு இரண்டே வரி. நம் வண்டிகளில் இருக்கும் எண்ணெய் ஷாக் அப்சார்பர் வண்டியைத் தாங்குவதே இல்லை. ஆட்டத்தை அடக்குவது மட்டும்தான் அதன் வேலை. அதைக் கழற்றி வைத்தாலும் நிற்கிற வண்டியின் உயரம் மாறாது. தொங்குகிற வண்டிக்கு அதை மாற்றுவது, கால் ஒடிந்தவனுக்குக் கண்ணாடி மாற்றுவது.

சரி, பின்னே என்ன செய்ய வேண்டும்? இந்த முறை நானும் தங்கை மகனும் ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு டேப், ஒரு டார்ச் லைட்டோடு உட்கார்ந்தோம். "மாமா, பட்டறைக்காரங்க பாத்துக்கிட மாட்டாங்களா?" என்றான். "நாம பாத்துட்டுப் போனாத்தான் அவங்க நல்லாப் பாப்பாங்க மாப்ள" என்றேன்.

முதலில் எடை. வண்டியைக் காலி செய்து எடை மேடைக்குக் கொண்டுபோனோம். முன் சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி ஒரு எடை, முழு வண்டிக்கு ஒரு எடை. கழித்தால் பின் அச்சின் பங்கு தெரிந்துவிடும். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள காலி எடையைவிட 150 கிலோ கூடுதல். எங்கிருந்து வந்தது? எப்போதோ பின் தளம் ஓட்டை விழுந்தபோது, பழைய தகட்டை எடுக்காமலே அதன்மேல் 5 மி.மீ. தகடு ஒன்றை வைத்து வெல்டிங் செய்திருக்கிறோம். 6 அடிக்கு 4 அடி, 5 மி.மீ. கனம். எஃகின் அடர்த்தியைப் போட்டுப் பெருக்கிப் பாருங்கள், சுமார் 87 கிலோ வரும். ஒரு பெரிய ஆள் இரவும் பகலும் பின்னால் படுத்திருக்கிற மாதிரி. மீதி, பக்கவாட்டில் வைத்த ஆங்கிள் இரும்பு, சங்கிலி, கம்பி, போன வருஷம் ஏற்றிய பட்டைகள்.

இரண்டாவது உயரம். சமதளத்தில் நிறுத்தி, டயர் காற்றைச் சரிபார்த்து, பின் அச்சுக் குழாயின் மேல்பக்கத்திலிருந்து சேசிஸ் சட்டத்தின் அடிப்பக்கம் வரை இரு பக்கமும் அளந்தோம். இந்த இடத்தில் அளந்தால் டயரும் பாடியும் கணக்கில் வராது. இடது 11.5 செ.மீ., வலது 14 செ.மீ. அதாவது தொங்குவது மட்டுமல்ல, சாய்ந்தும் இருக்கிறது. போன வருஷம் யாராவது இதை அளந்திருந்தால் அங்கேயே கதை மாறியிருக்கும். ஒரு பக்கம் மட்டும் கூடுதலாகத் தொங்கினால் அதற்கு வேறு காரணம் இருக்க வேண்டும் அல்லவா? அளவு இரு பக்கமும் சமமாக இருந்து பாடி மட்டும் சாய்ந்திருந்தால், பாடிக்கு அடியில் உள்ள மரக்கட்டையோ ரப்பரோ உளுத்துப்போயிருக்கும். அதற்கு ஸ்பிரிங்கைத் தொடவே வேண்டாம்.

மூன்றாவது கண்பார்வை. ஷேக்கில் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது? பட்டை தட்டையானால் அதன் இரு கண்களும் விலகும், ஷேக்கில் வெளிப்பக்கம் படுத்துக்கொள்ளும். புஷ் தேய்ந்திருக்கிறதா? பட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று நேராக இருக்கின்றனவா, விசிறி மாதிரி விரிந்திருக்கின்றனவா? குறுக்கே துருக்கோடு ஓடினால் அங்கே பட்டை முறிந்திருக்கலாம். சக்கரம் மட்கார்டுக்கு நடுவில் இல்லாமல் முன்னேயோ பின்னேயோ தள்ளி நின்றால் சென்டர் போல்ட் அறுந்து அச்சு நகர்ந்திருக்கும்.

நான்காவது, மாற்றிப்போட்டுப் பார்ப்பது. இதுதான் எனக்குப் பிடித்த சோதனை. ஜாக்கியை மட்டும் நம்பாமல் சேசிஸுக்கு அடியில் ஸ்டாண்டு கொடுத்து, முன் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, இடது ஸ்பிரிங் கட்டை வலதுக்கும் வலது கட்டை இடதுக்கும் மாற்றினோம். சாய்வு ஸ்பிரிங்கோடு போனால் குற்றவாளி ஸ்பிரிங். சாய்வு அங்கேயே இருந்தால் குற்றவாளி வேறு ஆள். ஆய்வகத்தில் ஒன்றை மட்டும் மாற்றி மற்றதையெல்லாம் அப்படியே வைக்கச் சொல்வேனே, அதேதான். அரைநாள் வேலை. மாற்றிய பிறகும் இடதுபக்கம்தான் தாழ்ந்து நின்றது.

அப்போதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஸ்பிரிங்கில் இல்லையென்றால், சட்டத்தில்.

இடது பின் ஷேக்கில் தொங்கும் ஹேங்கரைக் கம்பி பிரஷ் போட்டுச் சுத்தம் செய்து, மண்ணெண்ணெய் தடவி, கால் மணி நேரம் விட்டு, நன்றாகத் துடைத்தோம். பிறகு சாக்பீஸைப் பொடித்துப் பூசினோம். விரிசல் இருந்தால் உள்ளே போன மண்ணெண்ணெய் மெல்ல ஊறி வெள்ளைப் பொடியில் கறுப்புக் கோடாக வெளியே வரும். வந்தது. ஹேங்கர் சட்டத்தோடு சேரும் இடத்தில், என் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு கோடு. வாழ்நாள் முழுதும் சாக்பீஸ் பிடித்தவன் நான். அது எழுதியதைப் பார்த்துக் கை நடுங்கியது அன்றைக்குத்தான்.

ஒரு நிமிஷம் யோசியுங்கள். போன வருஷம் ஏற்றிய பட்டைகள் அந்த விரிசலைச் சரி செய்யவில்லை, மறைத்தன. விறைப்பைக் கூட்டி ஒவ்வொரு குழியிலும் அந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் ஓங்கி அடித்தன. அந்த வண்டியைத்தான் என் தங்கை மகன் பாரம் ஏற்றி, காலையில் பள்ளிப் பிள்ளைகள் சைக்கிளில் போகிற நேரத்தில், டவுணுக்குள் ஓட்டி வந்துகொண்டிருந்தான். ஹேங்கர் பிய்ந்திருந்தால் பின் அச்சு ஒரு பக்கம் திரும்பியிருக்கும். மேற்கொண்டு நான் எழுதவில்லை.

நீங்கள் சொன்னபடி இந்த முறையும் இரண்டு பட்டை ஏற்றியிருந்தால்? வண்டி நிமிர்ந்திருக்கும். நீங்களும் லைக் போட்டிருப்பீர்கள்.

பிறகு நடந்த வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். விரிசலின் முனையில் சிறு துளை போட்டு அது மேற்கொண்டு ஓடாமல் நிறுத்தி, வெல்டிங் வைத்து, உள்பக்கம் தகடு கொடுத்து, ஹேங்கரைப் புதிதாக மாற்றினோம். தளத்தில் இருந்த இரட்டைத் தகடு இரண்டையும் வெட்டி எடுத்துவிட்டு ஒற்றைத் தகடு போட்டோம். ஸ்பிரிங் கட்டுகளைப் பேட்டைப் பக்கம் ஒரு ஸ்பிரிங் பட்டறைக்குக் கொண்டுபோனோம். அங்கே இருந்த பெரியவர் கூடுதல் பட்டைகளைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "இது எதுக்கு சார் போட்டாவ?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை.

கட்டைப் பிரித்து, துருவில் மெலிந்த பட்டைகளை அதே அகலம், அதே கனத்தில் மாற்றி, மீதியை ஒன்றுக்கொன்று பொருந்த வளைவு ஏற்றினார். ஒன்றைக் கவனியுங்கள். கேஸ் தீயில் ஒரு இடத்தை மட்டும் சிவக்கக் காய்ச்சி அடித்து வளைத்துத் தந்தால் வாங்காதீர்கள். சிவக்கக் காய்ச்சினால் ஸ்பிரிங் எஃகின் பதம் போய்விடும். மறுபடி எண்ணெயில் தோய்த்து, அளவான சூட்டில் பதம் வைக்க வேண்டும். அந்த வசதி இல்லாத பட்டறையில் குளிர்ந்த நிலையிலேயே கொஞ்சம் கொஞ்சமாக வளைப்பதுதான் நல்லது. உடைந்த பட்டையை வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்றால் கட்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள். புஷ், சென்டர் போல்ட், யூ போல்ட் மூன்றும் புதிது. யூ போல்ட் ஒருமுறை முறுக்கினால் நீண்டுவிடும், பழசை மறுபடி போடக்கூடாது. ரப்பர் புஷ் என்றால் வண்டியைத் தரையில் இறக்கி, எடை ஏறிய பிறகே கண் போல்ட்டைக் கடைசி முறுக்கு முறுக்க வேண்டும். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் யூ போல்ட்டை மறுபடி முறுக்க வேண்டும்.

இப்போது இடது 17, வலது 17. கூடுதல் பட்டை ஒன்றுகூட இல்லை. செலவு போன வருஷத்தைப் போல் இரண்டு மடங்கு. ஆனால் போன வருஷச் செலவு முழுதும் தண்டம் என்பதால் எது மலிவு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

மஸ்கட் மருமகனுக்கு வருகிறேன். நீங்கள் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது மாப்ள. சேசிஸ் முழுதும் உளுத்திருந்தால் நானே இரும்புக் கடைக்கு அனுப்பியிருப்பேன். 2021-ல் ஒன்றிய அரசு கொண்டுவந்த விதியில் 50 வயது தாண்டிய பழமையான வண்டிகளுக்குத் தனிப் பதிவு உண்டு. ஆனால் அது சொந்த உபயோக வண்டிகளுக்குத்தான், எங்களுடையது சரக்கு வண்டி. வருஷாவருஷம் எஃப்.சி. காட்டித்தான் எஃப்.சி.யை ஓட்டுகிறோம். ஆனாலும் ஒன்று சொல்கிறேன். வைப்பதா விற்பதா என்பதையும் அளந்த பிறகுதான் முடிவு செய்ய வேண்டும். அளக்காமல் பட்டை ஏற்றுகிறவரும் அளக்காமல் இரும்புக் கடைக்கு அனுப்புகிறவரும் ஒரே கட்சிதான்.

லோடு கூட ஏற்றலாம் என்று பட்டை ஏற்றுகிற தம்பிகளே, உங்களுக்கும். பட்டை ஏற்றினால் ஆர்.சி.யில் எழுதியிருக்கும் எடை ஏறாது. அச்சு அதேதான், பிரேக் அதேதான், டயர் அதேதான். மோட்டார் வாகனச் சட்டம் 194-ஆம் பிரிவில், 2019 திருத்தத்துக்குப் பிறகு அதிக பாரத்துக்கு 20,000 ரூபாய் அபராதம், கூடுதலாக ஏற்றிய ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். அபராதம்கூடப் பெரிதில்லை. இறக்கத்தில் பிரேக் பிடிக்காவிட்டால் எந்தப் பட்டை வந்து நிறுத்தும்?

பட்டறைக்காரர்களை மட்டும் திட்டுவதாக நினைக்காதீர்கள். உங்களிலேயே பட்டறை வைத்திருப்பவர்கள் உண்டு. பட்டைக்குக் காசு கொடுக்கிறோம், வெல்டிங்குக்குக் காசு கொடுக்கிறோம். அரைநாள் உட்கார்ந்து அளந்து பார்த்தவருக்கு "என்னத்த செஞ்சே, சும்மா டேப்பைப் பிடிச்சதுக்கா காசு?" என்று கேட்கிறோம். பிறகு எவன் அளப்பான்? நோய் கண்டுபிடிக்க டாக்டருக்குக் கொடுக்கிறோம் அல்லவா? மெக்கானிக்குக்கும் அளந்ததற்கென்று தனியாகக் கொடுங்கள். சாயங்காலத்துக்குள் வேண்டும் என்று கழுத்தைப் பிடிக்காதீர்கள். போன வருஷம் பிடித்தவன் நான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு பையன் கணக்குள்ள கேள்வி எதையும் போடமாட்டான். தனி வகுப்பு வைத்தேன். அதற்கு மேல் இன்னொரு தனி வகுப்பு. இம்போசிஷன். அப்பாவைக் கூட்டிவரச் சொன்னேன். ஒருநாள் தற்செயலாக அவன் ரஃப் நோட்டைப் பார்த்தேன். அவனுக்குச் சூத்திரமெல்லாம் தெரிந்திருந்தது. தசமப் புள்ளி வகுத்தல்தான் தெரியவில்லை. ஆறாம் வகுப்பில் விட்டது. ஒரு வாரத்தில் சரியானது. அதுவரை அவன்மேல் நான் ஏற்றியதெல்லாம் கூடுதல் பட்டைதான். அவன் இந்தப் பதிவைப் படிப்பான். படித்தால், அது நீதான்பா. அன்றைக்கு மன்னிப்புக் கேட்கவில்லை, இன்றைக்குக் கேட்டுக்கொள்கிறேன்.

வீட்டுப்பாடம். உங்கள் லோடு ஆட்டோ, ஜீப், டாடா ஏஸ், எதுவானாலும் பின்னால் பட்டை ஸ்பிரிங் இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமை செய்யுங்கள். 1. வண்டியைக் காலி செய்து எடை போடுங்கள், ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். 2. சமதளத்தில் நிறுத்தி அச்சுக்கும் சட்டத்துக்கும் நடுவே இரு பக்கமும் அளந்து, தேதி போட்டு எழுதுங்கள். 3. ஷேக்கில், புஷ், பட்டை வரிசை, சக்கரத்தின் இடம் பாருங்கள். 4. இரு பக்க அளவும் சமமில்லையென்றால் ஹேங்கரில் மண்ணெண்ணெய், சாக்பீஸ் சோதனை. 5. ஆறு மாதம் கழித்து மறுபடி அளந்து பழைய எண்ணோடு ஒப்பிடுங்கள். இந்த ஐந்தையும் செய்யாமல் "பட்டை ஏத்துவோம்" என்று யார் சொன்னாலும், நானே சொன்னாலும், கேட்காதீர்கள்.

அளந்ததைக் கமெண்டில் போடுங்கள், திருத்தித் தருகிறேன். அளக்காமல் வைத்தியம் எழுதுகிறவர்களுக்குப் பழைய வழக்கப்படி பெஞ்சு மேல் ஏறி நிற்கும் தண்டனை. ஊருக்கு வருகிறவர்கள் வீட்டுக்கு வாருங்கள். வண்டி வாசலில்தான் நிற்கும், இரு பக்கமும் 17 செ.மீ. டேப்பும் தருகிறேன், நீங்களே அளந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பழைய பிசிக்ஸ் வாத்தியார்,
திருநெல்வேலி டவுண்